இருபத்து நாலு பிட்டில் ஓர் அதட்டல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண் என்றால் பொறுமையின் சிகரமாக இருப்பாள் என்று நினைப்பவர்கள் அவளிடம் ஒருநாள் கியர் மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். "கிளட்ச்!" என்று ஓர் அதட்டல் போட்டாள் என்றால் பக்கத்து வண்டிக்காரனும் சேர்ந்து மிதிப்பான். படிக்க வருகிறவர்கள் முதல் கட்டிய கணவன் வரை எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான்.

அந்தத் தொண்டையில்தான், பாருங்கள், கட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. குரல்வளையோடு சேர்த்து எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் போய்விடும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆபரேஷன். மாஸ்டர் அழ வேண்டியதை அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். மகள் வாண்டுவுக்கு நாலு வயது. இந்த வயதுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் நிற்கப்போகிறது? அம்மாவின் குரல் எப்படி இருந்தது என்று நாளைக்கு அவள் ஊராரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதா? அது மட்டும் நடக்கக்கூடாது. குரல் வீட்டில் இருக்க வேண்டும், அதுவும் அசலாக.

சனிக்கிழமை காலையில் கணவன் முன்னால் போய் நின்றாள். "உங்க மைக்கு, பொட்டியெல்லாம் எடுங்க. என் குரலைப் பதிவு பண்ணணும்."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்கு வந்துவிட்டால் ஹை-ரெஸ் பைத்தியம், துல்லியமான ஒலிப்பதிவு என்றால் உயிர். முன்னறையில் அவனுடைய ஸ்பீக்கர்கள் இரண்டும் மாப்பிள்ளைத் தோரணையில் நிற்கும், மனிதர்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும். அவன் பிட், கிலோஹெர்ட்ஸ் என்று தொடங்கினாலே, "பிட்டுன்னா பரீட்சையில அடிக்கிறதுதான் எனக்குத் தெரியும்" என்று எழுந்து போய்விடுவாள். இன்றைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"புரியற மாதிரி சொல்லுங்க."

அவன் மெதுவாகத் தொடங்கினான். "சத்தத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து நம்பரா வச்சுக்கறோம். எத்தனை தடவை அளக்கறோம்ங்கறது கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நுணுக்கமா அளக்கறோம்ங்கறது பிட். சிடின்னா பதினாறு பிட். ஹை-ரெஸ்ஸுல இருபத்து நாலு."

"அப்ப எம்பி3?"

"அது எடத்தை மிச்சம் பிடிக்க, காதுக்குத் தெரியாதுன்னு நெனைக்கறதையெல்லாம் தூக்கி எறிஞ்சுடும். எறிஞ்சது எறிஞ்சதுதான். அப்புறம் எவ்வளவு பெரிய ஃபைலா மாத்தினாலும் திரும்பி வராது."

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. கேக்கறப்ப பதினாறுக்கும் இருபத்து நாலுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "தெரியல."

"அடப்பாவி மனுஷா! இத்தனை வருஷமா என்னென்ன கதை விட்டீங்க!"

"கேக்கறதுக்கு சிடி தரமே தாராளம், மாஸ்டர். ஆனா பதிவு பண்ண இருபத்து நாலு வேணும். சத்தியமா."

"பாப்போம்" என்று எழுந்தாள்.

ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். ஃபிரிட்ஜ் முனகுகிறது என்று அதன் பிளக்கையும் பிடுங்கினார்கள். வியர்வை வழிய வழிய அவள் வாண்டுவின் கதைப் புத்தகத்தை மெல்லிய குரலில் வாசித்தாள். அந்த மெல்லிய குரலும் விழட்டும் என்று அவன் மைக்கின் லெவலை ஏற்றி வைத்துப் பதிவு செய்தான். போட்டுக் கேட்டபோது அவன் "அடடா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்று உருகினான். அவளுக்கு ஒட்டவில்லை. என்னவோ செய்தி வாசிக்கிற அம்மாள் வழிதவறி வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து வாண்டு கத்தினாள். "அப்பா, டிவியக் கொறைங்க!"

 பெற்ற பிள்ளைக்கே அம்மாவின் குரல் தெரியவில்லையே! அன்று மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் படுக்கப் போகுமுன் கணவனிடம், "நாளைக்கு மறுபடி" என்றாள். 

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கே விளங்கிவிட்டது. இந்தக் குழந்தையிடம் என்றைக்கு அவள் புத்தகம் மாதிரி பேசியிருக்கிறாள்? விடிந்தால் அடைந்தால் அதட்டல்தானே! மைக் முன்னால் இடுப்பில் கையை வைத்து நின்று, "ஏய் வாண்டு!" என்று ஒரு போடு போட்டாள். பதிவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. திருப்பிப் போட்டால் ஓட்டைத் தகரத்தைத் தட்டின மாதிரி கரகரத்தது.

"சத்தம் அளவுக்கு மேல போய்க் கூரையில இடிச்சு வெட்டுப்பட்டுடுச்சு" என்றான் கணவன்.

"இருபத்து நாலு பிட்டுன்னு பீத்திக்கிட்டீங்க, கத்தக்கூட முடியாதா?"

"எத்தனை பிட் போட்டாலும் கூரை ஒசராதும்மா. தரைதான் கீழ போகும். மெல்லிசான சத்தத்துக்கு எடம் கிடைக்கும்."

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தாள். "அப்ப என்னைக் கீழ இறக்குங்க. கீழதான் எடம் கொட்டிக் கெடக்குதே. அங்கிருந்து கத்தினா கூரை இடிக்காதுல்ல?"

"இடிக்காது. கொஞ்சினாலும் இரைச்சல்ல முங்காது." அவன் தலையில் தட்டிக்கொண்டான். "கதைக்கு ஏத்தினதை இறக்க மறந்துட்டேன், மாஸ்டர்."

"நல்லா மறந்தீங்க!"

லெவலைப் பாதிக்கும் கீழே இறக்கினான். அவள் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தாள். தொண்டை வலித்தது. வலித்தால் வலிக்கட்டும், இன்று ஒருநாள்தானே என்று மைக்கைப் பார்த்தாள்.

"ஏய் வாண்டு! செருப்போட உள்ள வராதேன்னு எத்தனை தடவ சொல்றது? காதுல என்ன வச்சிருக்க? கை கழுவினியா? சோப்பு போட்டுக் கழுவினியா? பொய் சொன்னே, பிச்சுடுவேன்!" மூச்சு வாங்கினாள். பிறகு குரல் தானாகவே இறங்கியது. "இங்க வா. தலையெல்லாம் எப்படி இருக்கு பாரு. சாப்டியாடி கண்ணு? தூக்கம் வருதா? அம்மாகிட்ட வா."

அவன் கன்னத்தில் வழிந்ததை அப்படியே விட்டுவிட்டான். மூக்கை உறிஞ்சினால் பதிவாகிவிடும் என்ற பயம்.

மதியம் ஃபேனும் ஃபிரிட்ஜும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. வாண்டு பின்பக்கம் பொம்மைகளோடு இருந்தாள். மாஸ்டர் முன்னறை சோபாவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்து தலையசைத்தாள். கணவன் பதிவைப் போட்டான்.

"ஏய் வாண்டு!" என்று வீடு அதிர்ந்தது. பின்பக்கம் ஏதோ கீழே விழுந்தது. தொடர்ந்து தண்ணீர் கொட்டும் சத்தம். அடுத்த நிமிஷம் ஈரக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள் அந்தக் குட்டி. ஸ்பீக்கர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அம்மாவின் மடியில் வந்து மோதி நின்றாள்.

"கழுவிட்டேன்மா! எதுக்குக் கத்துறே?"

மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய குரல் மட்டும் மெதுவாக, "சாப்டியாடி கண்ணு?" என்று கேட்டது. வாண்டு அம்மாவின் முகத்தையே பார்த்து, "ம்" என்று தலையாட்டினாள்.

மாஸ்டர் குழந்தையை அள்ளி மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். பிறகு கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"போதுங்க. இனிமே அறுக்கட்டும்."