பந்தியில் கேட்ட டியூன்

அருளுக்குச் சந்தேகம் வருவதற்குக் காரணமே தேவையில்லை. அன்றைக்குப் பார்த்துக் காரணமும் கிடைத்துவிட்டது. திருவேற்காட்டில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. சாக்ஸபோனை ஆவடி குவார்ட்டர்ஸிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தான். பந்தியில் ரசம் வந்த நேரம், ஸ்பீக்கரில் 'அண்ணனூர் கேட்' கேட்டது.

அது அவன் போட்ட டியூன். சாருகேசியில் ஆரம்பித்து, ஏழு எண்ணிக்கையில் நொண்டி நொண்டி ஜாஸுக்குள் நுழையும். வாசித்திருப்பதும் அவனேதான். ஆனால் இதுவரை எந்த மேடையிலும் அவன் அதை வாசித்ததில்லை. வருகிற சனிக்கிழமை ஆழ்வார்ப்பேட்டையில் நடக்கவிருந்த அவனுடைய முதல் சொந்த நிகழ்ச்சிக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு வாசித்தே காலம் தள்ளியவனுக்கு அந்த ஒரு நிகழ்ச்சிதான் விடிவு.

குழுவில் இரண்டே பேர். அவனும், கீபோர்டு வாசிக்கும் கோகுல்நாத்தும். ஒத்திகைப் பதிவுகள் கோகுல் போனில் மட்டும்தான் இருந்தன. ஸ்பீக்கரில் கீபோர்டு சத்தமே இல்லையே என்று இன்னொருவனாக இருந்தால் யோசித்திருப்பான். அருளுக்கு அதுவே போதுமான சாட்சியாகிவிட்டது. மாட்டிக்கொள்ளக் கூடாதென்று தன் வாசிப்பை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறான், கேடி!

பாயசத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் மாடியில்தான் ஒத்திகை நடக்கும்; நேராக அங்கே போனான். கோகுல் ஏற்கெனவே வந்திருந்தான்.

"போனக் குடு."

"இன்னாத்துக்கு?"

"குடுன்னா குடு."

முழுக்கத் துழாவிப் பார்த்தான். யாருக்கும் எதுவும் போகவில்லை.

"அனுப்பிட்டு அழிச்சிட்டியா? யாருக்குடா வித்த?"

"இன்னா மச்சான், என் மேலயே டவுட்டா?"

அருள் போனைத் திருப்பி நீட்டினான். கோகுல் கீபோர்டை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டுக் கிளம்பினான். படியில் அவன் இறங்கும் சத்தத்தைக் கேட்டபோது அருளுக்கு உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது.

வியாழக்கிழமை பூந்தமல்லியில் ஒரு ரிசப்ஷன். சவுண்ட் சர்வீஸ்காரர் இருதயராஜ் குரல் கொடுத்தார்.

"அருளு, மைக்ல கொஞ்சம் ஊது நைனா."

அருள் ஊதினான். வழக்கம்போல 'அண்ணனூர் கேட்'. சினிமாப் பாட்டை ஊதி மைக் சோதிப்பது அவனுக்குக் கௌரவக் குறைவு. காலி மண்டபத்தில் யார் கேட்கப்போகிறார்கள்? நாலு வரி ஊதியதும் இருதயராஜ் கட்டைவிரலை உயர்த்தினார்.

"இது சூப்பரா கீதுபா. ஒரு தபா ரெக்கார்ட் பண்ணி பென்டிரைவ்ல போட்டுகினேன். எந்த மண்டபம் போனாலும் பந்தில இத்ததான் போடுறேன். சனம் சண்ட போடாம துன்னுது."

அருளுக்கு முகம் சுண்டிப்போனது. வாசித்து முடித்த கையோடு வேப்பம்பட்டுக்குப் போய்க் கோகுல் வீட்டுக் கதவைத் தட்டினான். நடந்ததையெல்லாம் சொன்னான்.

"தப்பு என்னுதுதான் மச்சான். சனிக்கிழம வந்துடு."

கோகுல் வாசற்படியிலேயே நின்றான். "போஸ்டர் பாத்தேன். 'இசை: அருள்'னு மட்டும் போட்டுகீது."

"என் டியூன்தானே?"

"பந்தில கேட்டியே, அது உன்னுது. அதுக்கு அடியில கீபோர்டுல கார்டு புடிச்சு, ஜாஸ் ஆக்குனது யாரு?"

இரண்டு மாதம் உட்கார்ந்து அந்தக் கார்டுகளை, சேர்ந்தொலிக்கும் அந்தச் சுரக்கூட்டுகளை, தேடிப் பிடித்தவன் கோகுல்தான். அது அருளுக்கு நன்றாகவே தெரியும்.

"போஸ்டர்ல என் பேரையும் போடு, வரேன்" என்றான் கோகுல். குரலில் கோபமே இல்லை.

போடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அந்தப் பாழாய்ப்போன புத்தி முந்திக்கொண்டது.

"இருதயராஜ உனக்கு முன்னாடியே தெரியுமா?"

கோகுல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சனிக்கிழமை 'அண்ணனூர் கேட்' கீபோர்டு இல்லாமல் மேடையேறியது. போஸ்டரில் போட்டிருந்தபடியே, இசை அருள் மட்டும்தான்.