இடப்பக்கத்து மழை

"ஏன் மச்சி, உங்கட கார்ல ஒரு பக்கத்துக்கு மட்டும் மழை பெய்யிது?" என்று மருதமுனை றஹீமா, சபூறாவிடம் கேட்டது 1995 தொடக்கத்தில், அவளுடைய மகள் அம்ஹாவைத் தன் மகனுக்குச் சம்பந்தம் பேச வந்த அன்றுதான். கல்முனைக்குடியில் அன்று மழை இல்லை. வீதியோரம் நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது. தகரக் கொட்டிலுக்குள் நின்ற மொறிஸ் மைனரின் இடப்பக்கக் கதவுகளில் மட்டும் தண்ணீர் வழிந்து மணலில் கோடு கிழித்திருந்தது. வலப்பக்கத்தில் ஒரு விரல் தூசி. கார் கழுவினதாகச் சபூறா சொன்னாள். "அரைவாசியா கழுவின?" என்றபடி றஹீமா குனிந்து கதவின் அடித்தகரத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். பூச்சு அப்பளம் போல நொறுங்கி, துருப்பொடி உதிர்ந்தது. "கறள் கார என்ட மகன்ட தலையில கட்டிராதங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி இன்னொருக்கா வருவன். கார் நல்லாயிருந்தா நாள் குறிப்பம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அந்தக் கார் சபூறாவின் சொத்து. அந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் தாய்வீட்டை விட்டுப் பெண்வீட்டுக்குக் குடிவருவான். சபூறாவின் வாப்பா வீட்டோடு சேர்த்துக் காரையும் அவளுக்கு எழுதிக் கொடுத்தார்; அடுத்து அது அம்ஹாவுக்கு. நிந்தவூரிலிருந்து வந்து சேர்ந்த புருசன் ஜவுபர், காரின் தகரத்தை வெட்டி ஒட்டும் டிங்கர் வேலைக்காரர். மாப்பிள்ளைமாரை ஏற்றிவருவதுதான் காரின் தொழில். கல்முனைக்குடியில் பாதி ஆண்கள் அந்த மெத்தையில் உட்கார்ந்தே தாய்வீட்டைப் பிரிந்தார்கள். கொட்டிலில் கார் தெற்குப் பார்த்து நிற்கும், இடப்பக்கம் கடலுக்குக் காட்டி. உப்புக்காற்று அந்தப் பக்கத்தை மட்டும் தின்றது. 1994 இல் ஒரு மாப்பிள்ளையின் இடது சப்பாத்து, சாய்ந்தமருதுக்கு அருகே காரின் காலடித் தட்டில் இருந்த ஓட்டையால் வீதியில் விழுந்துவிட்டது. அவன் ஒற்றைச் சப்பாத்தோடு நிக்காஹ் முடித்தான். வீடு திரும்பிய ஜவுபர், "ஒட்டுக்கு மேல ஒட்டுப் போட இனித் தகரம் இல்ல புள்ள. இன்னொரு கார்ர உடம்புதான் வேணும்" என்றார்.

அந்த உடம்பு நாவிதன்வெளியில் கிடைத்தது. வயல் நடுவே தங்கரத்தினம் என்ற பெண்ணின் முற்றத்தில், பால் வெள்ளை நிறத்தில், அதே வகைக் காரின் கூடு கிடந்தது. அவளுடைய புருசன் தம்பிமுத்து ஓட்டிய கார் அது. அவர் 1990 இல் சந்தைக்கென்று நடந்து போனவர்; இன்னும் வரவில்லை. எஞ்சினையும் சில்லுகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மீந்த கூட்டைத் தங்கரத்தினம் நாள்தோறும் விடிந்ததும் தேங்காயெண்ணெய்ச் சீலையால் துடைத்து வந்தாள். திறந்த வானத்தின் கீழ் அத்தனை மாரிகளைக் கண்டும் அதில் ஊசிமுனைக் கறளும் இல்லை. இரும்பிலேயே பிழைப்பு நடத்தும் ஜவுபர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு கணம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்ன விலை என்றதற்கு அவள், "விக்க மாட்டன் காக்கா. கொண்டு போங்க. ஓட வேண்டிய சாமான் முத்தத்துல கிடந்து என்னத்துக்கு?" என்றாள். கூடு உழவு மெசினில், ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து வந்தது. இராணுவச் சென்றியில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். உள்ளே எண்ணெய் வாசம் மட்டும் இருந்தது.

ஜவுபர் செய்த வேலையைப் பார்க்க மற்றக் கராஜ்காரர்களும் வந்தார்கள். பழைய கதவுகளைப் பூட்டி, குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்த பிறகுதான் அவர் அடித்தகரத்தில் கைவைத்தார்; இல்லாவிட்டால் கார் முதுகு வளைந்துவிடும். கறள் முடிந்து நல்ல இரும்பு தொடங்கும் இடத்தைச் சோக்குக்கட்டியால் கோடிட்டு, அதற்கும் வெளியே வெட்டினார். வெள்ளைக் கூட்டிலிருந்து இடப்பக்கம் முழுவதையும், கதவுகளோடு, மட்காட் முதல் தட்டு வரை, ஒரே துண்டாக எடுத்தார். இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டாகச் சூடு வைத்து, ஈரச்சாக்கால் ஒற்றி, தகரம் கோணாமல் பொருத்தினார். எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம் அடித்த பின் ஒட்டு எங்கேயென்று அவராலேயே காட்ட முடியவில்லை. கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுவதுபோலச் சத்தம் கேட்டது.

முதல் மழை மார்கழியில் பெய்தது. கொட்டிலுக்குள், காரின் இடப்பக்கத்தில் மட்டும். சபூறா கூரையில் ஒழுக்கைத் தேடினாள், இல்லை. ஜவுபர் படங்கு போட்டு மூடினார், படங்குக்குள்ளும் பெய்தது. அன்று பின்னேரம் கிட்டங்கியால் வந்த நெல் லொறி சொட்டச் சொட்ட நனைந்து வந்ததைக் கண்ட பிறகு அவர்களுக்கு விளங்கியது: நாவிதன்வெளியில் அந்தக் கூடு கிடந்த இடத்தில் எவ்வளவு மழை விழுகிறதோ, அவ்வளவும் இங்கே விழுகிறது. அறுவடைக் காலத்தில் பதரும் வந்து ஒட்டியது. ஒருநாள் ஒரு தவளை முன் மட்காட்டில் உட்கார்ந்திருந்தது. ஊர் இதையெல்லாம் பெரிதாக எடுக்கவில்லை. விசயம் தெரிந்த பெண்கள் வந்து, வயல் பக்கத்து மழை இங்கேயும் வருமா, உடுப்புக் காயப்போடலாமா என்று காரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் பூச்சுக்குள் கறள் அம்மைக் கொப்புளம்போல எழும்பத் தொடங்கியது. றஹீமாவின் பெருவிரல் பட்டது அந்த இடத்தில்தான்.

"நீங்க உம்மாவப் பாக்க ரெண்டு வெள்ளிக்கிழம நிந்தவூருக்குப் போகாட்டி முகம் எப்பிடி இரிக்கும்?" என்று றஹீமா போனதும் சபூறா புருசனிடம் கேட்டாள். "அந்த வெள்ளைக் கூடும் மாப்பிள்ளதானே. கூட்டிக்கு வந்தம். பொறவு அதுட தாய்வீட்ட எட்டிப் பாத்தமா?" ஜவுபர் சாரனை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். தாம்போதியில் வெள்ளம். தோணியில் கடந்து, சீனியும் தேயிலையும் கொண்டு போனார்கள். கூடு கிடந்த இடம் நீள்சதுரமாகப் புல் முளைக்காமல் அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு கொட்டில் போட வேண்டும் என்று சபூறா கேட்டாள். தங்கரத்தினம் காரணத்தைக் கேட்டு வியக்கவில்லை; மறுத்தாள். "அவர் வந்தா முத்தத்த வெட்டையாத்தான் பாக்க வேணும். கொட்டில் நிண்டா வேற வளவெண்டு கிறுகிப் போயிருவார்." தேத்தண்ணி ஆறிப்போனது. அம்ஹாவின் கலியாணம் ஒரு பக்கம், வராத மனிதர் ஒரு பக்கம். சபூறா கடைசியில், "வளவு ஒரு இடத்துலதான் நிக்கும் அக்கா. கார் மட்டக்களப்பு, பொத்துவில் எல்லாம் ஓடும். இடப்பக்கத்த அந்தப் பழைய வெள்ளையாவே வெச்சிருக்கம். அவர் எந்த ரோட்டுல நிண்டாலும் கண்டுக்குவார்" என்றாள். "ரெண்டு நிறத்துல மாப்பிள்ளைக் காரா? ஊர் சிரிக்கும்" என்று ஜவுபர் முணுமுணுத்தார். "சிரிக்கட்டும். சிரிச்ச ஊர்தான் வாடகைக்கும் புடிக்கும்." தங்கரத்தினம் எழுந்து போய்க் கிடங்கு தோண்ட அலவாங்கு எடுத்து வந்தாள்.

நான்கு மரக் கப்பில் சுவரில்லாமல் தென்னங்கிடுகுக் கொட்டில் எழுந்த அன்றோடு காரில் மழை நின்றது. ஜவுபர் கொப்புளங்களைச் சுரண்டி, இடப்பக்கத்துக்குப் பால் வெள்ளை அடித்தார். பதிலாக வேறொன்று வந்தது: உச்சி வெயிலில் கார் எங்கே நின்றாலும் இடப்பக்கத்தில் மட்டும் கிடுகு நிழல் விழுந்தது. பெருநாளைக்கு முன் மறுபடி வந்த றஹீமா அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து, முந்தானையால் விசிறுவதை நிறுத்தி, "குளுகுளுண்டு இரிக்கே" என்றாள். அங்கேயே நாள் குறித்தாள். அதற்குப் பிறகு எந்த மாப்பிள்ளையும் வலப்பக்கம் உட்காரச் சம்மதிக்கவில்லை.

கலியாணத்தன்று தங்கரத்தினம் பஸ்ஸில் வந்தாள். அம்ஹாவின் கழுத்துத் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பிறகு மாப்பிள்ளையை இறக்கிவிட்டு நின்ற காரின் இடப்பக்க முன்கதவைத் திறந்து, சாரதிக்கு அடுத்த இருக்கையில் ஏறி அமர்ந்தாள். தம்பிமுத்து ஓட்டும்போது அவள் எப்போதும் உட்கார்ந்த இடம் அது. அவள் மடியில் கிடுகு நிழல் அசைந்தது. வெறுமையாயிருந்த சாரதி இருக்கையில் வெயில் விழுந்து கிடந்தது. சபூறா பழத்தட்டோடு வந்து, "இரிங்க அக்கா, சாப்பிட்டுட்டு மறுகா போகலாம்" என்றாள். தங்கரத்தினம் சாரதி இருக்கையின் மேலிருந்த மல்லிகை இதழ்களைக் கையால் தட்டிவிட்டாள். இறங்கினாள். கதவைச் சாத்தி, அது சரியாகப் பூட்டியதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, பஸ் வரும் திசையில் நடந்து போனாள்.