விழுத்தாத ஸ்பீக்கர்

அப்ராஸ் ஸ்பீக்கரின் அடியில் ஒட்டியிருந்த ரப்பரை நகத்தால் கிளப்பி, நான்கு ஆணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினான். உள்ளே பற்றரி நோம்பு திறக்கப் பொரித்த பற்றீஸைப் போல உப்பிக் கிடந்தது. கல்முனை பஸாரில் அவனுடையது போன் திருத்தும் கடை. நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, ஒன்றும் அறியாதவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அது சுஜித்தாவின் ஸ்பீக்கர். அவளும் நானும் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். கலியாணத்துக்குப் பிறகு நான் சாய்ந்தமருதில் வீட்டோடு இருந்துவிட்டேன். அவள் பாண்டிருப்பில் பாலர் பாடசாலை நடத்துகிறாள். நோம்புக்கு முதல் நாள், இரண்டு நாளைக்கென்று அந்த ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கினேன். பெருநாள் முடியும்வரை வைத்திருக்கச் சொன்னது அவள்தான்.

அடுப்படி ஜன்னலில், காஸ் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். விடியுமுன் ஸஹர் சாப்பிட எழுப்புவதும் அதுதான். மார்க்கம் படித்த ஆலிமா ஒருவர் போனில் அனுப்பும் பயான் உரையைக் கேட்பதும், அஸர் தொழுகைக்குப் பிறகு பொரித்துக்கொண்டே குர்ஆன் கிறாஅத் கேட்பதும் அதில்தான். சார்ஜ் இறங்கினால் வீடே ஸஹரைத் தவறவிட்டுவிடும் என்ற பயத்தில் முப்பது நாளும் வயரைக் கழற்றவேயில்லை. மகள் ஸம்றா இரண்டு தடவை கழற்றினாள். இரண்டு தடவையும் நான் திரும்பச் செருகினேன். நோம்பின் கடைசிப் பத்து நாளில் ஒருநாள் கரண்ட் நின்றது. பத்து நிமிடத்தில் ஸ்பீக்கரும் நின்றது. பற்றரி பழுதென்று எனக்கு அப்போதே தெரியும்.

பெருநாளைக்கு மூன்றாம் நாள் அதைத் துடைத்து, பெருநாளுக்குக் கிண்டிய தொதலோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தொதல் வைத்தேன். ஏன் கூட்டினேன் என்று என்னை நான் கேட்கவில்லை.

போன கிழமை சுஜித்தா போன் எடுத்தாள். அவளுடன் படிப்பிக்கும் துசாந்தினி, பிள்ளைகளின் நடனத்தைப் பழகிப் பார்க்கவென்று ஸ்பீக்கரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கீழே விழுத்திவிட்டாளாம். முதலில் இல்லையென்று சாதித்தாளாம். மூன்றாம் நாள்தான் ஒத்துக்கொண்டாளாம். சனிக்கிழமை கலைவிழா. உடைத்ததைவிடப் பொய் சொன்னதுதான் தனக்குத் தாங்கவில்லை என்றாள் சுஜித்தா. அதன் பிறகுதான் கேட்டாள்.

“கடை வைச்சிருக்கிறதெல்லாம் உங்கட ஆக்கள்தானே கா. ஒரு பற்றரி தேடித் தாறயா?”

நான் உடனே ஓம் என்றேன். நான் ஓம் சொன்ன வேகம் அவளை நெகிழ்த்திவிட்டது. உன்னைப்போல ஒருத்தியும் இல்லையென்றாள்.

போனை வைத்ததும் எனக்கு வந்தது வெட்கமில்லை, ஆறுதல். அதை எழுதுவதற்குத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. பற்றரியை மாற்றிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை துசாந்தினி விழுத்தித்தான் இருப்பாள், என் வீட்டில் பாதி பழுதானது அவள் கையில் முழுதாகப் பழுதாகியிருக்கும் என்றும் இரண்டு நாள் நம்பிப் பார்த்தேன். அவளே ஒத்துக்கொண்டாளே.

அப்ராஸ் அந்த நம்பிக்கையையும் கழற்றி மேசையில் வைத்தான்.

“இது விழுந்த சாமான் இல்ல ராத்தா. விழுந்தா மூலை நெளிஞ்சிரிக்கும், இதுல ஒரு கீறலுமில்ல. இது மாசக்கணக்கா சார்ஜில கிடந்த. சூட்டுக்குப் பக்கத்துல வேற. நோம்பு முடிஞ்சா இப்படி நாலஞ்சு வரும் எனக்கு.”

“இது எங்கட இல்ல தம்பி,” என்றேன். “தமிழ் டீச்சர் ஒராள்ர.”

அவன் மூடியின் வலையை மூக்கருகே கொண்டுபோனான். எனக்கும் அந்த வாசம் வந்தது. பொரித்த எண்ணெய். நான் துடைத்தது வெளிப்பக்கத்தை மட்டும்தான்.

“அப்ப அவங்கட கோயில் திருவிழாவா இரிக்கும்,” என்றான் சிரித்து. “அவங்களும் விடிய விடியப் போட்டு விடுவாங்கதானே.”

“ஓம், இரிக்கும்,” என்றேன். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அவன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். இந்தப் பற்றரிக்கு மூன்று வயர் என்றும், பஸாரில் கிடைப்பவையெல்லாம் இரண்டு வயர் என்றும் விளங்கப்படுத்தினான். மூன்றாவது வயர் சூட்டைப் பார்ப்பதற்காம். அது இல்லாவிட்டால் சார்ஜ் ஏறாது. கொழும்பிலிருந்து எடுப்பிக்கப் பத்து நாளாகும். அக்கரைப்பற்றில் பழைய சாமான் விற்கும் தனஞ்சயனிடம் போய்ப் பார்க்கச் சொல்லி, பற்றரியில் இருந்த இலக்கங்களை ஒரு துண்டில் எழுதித் தந்தான்.

பஸ்ஸில் காரைதீவு தாண்டும்வரை அந்த ஓம் என் வாயிலேயே கிடந்தது. செய்ததை மறைத்தது ஒன்று. மறைத்ததை எடுத்து ஒரு பிள்ளையின் தலையில் இறங்க விட்டது இரண்டு. இப்போது மூன்றாவதாக, எனக்குத் தன் பொருளைத் தந்தவளின் கோயிலையும் இதற்குள் இழுத்துவிட்டேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஒரு கடைக்காரன் என்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக மட்டும் சொன்னேன். நோம்பு மாதம் முழுவதும் காலையில் நான் கேட்ட பயான்களில் பாதி நாவைப் பற்றியவை. கேட்டதும் அந்த ஸ்பீக்கரில்தான்.

தனஞ்சயன் ஆலையடிவேம்பு ஆள், வயலும் செய்பவர். நான்கு கூடைகளைக் கிளறி, உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து மூன்று வயர் பற்றரியை எடுத்துத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பழையது எப்படிப் பழுதானது, யாருடையது என்று கேட்டார்.

“என்ட,” என்றேன். “முப்பது நாள் சார்ஜில விட்டிட்டன்.”

“வயல் நிறைஞ்ச பிறகும் தண்ணி வாற வக்கடையைத் திறந்து வைச்சா வரம்புதானே தங்கச்சி உடையும்,” என்று சொல்லிப் பற்றரியைக் கடதாசியில் சுற்றித் தந்தார். அவ்வளவுதான். அவர் என்னைத் தாழ்வாகப் பார்க்கவுமில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் உண்மை எவ்வளவு லேசாக வருகிறது என்று யோசித்தேன். இழப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. சுஜித்தாவிடம் எனக்கு ஒரு பெயர் இருந்தது, உன்னைப்போல ஒருத்தியும் இல்லை என்கிற பெயர். அதை நான் ஒரு பிள்ளையின் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்ராஸ் அன்று பின்னேரமே பற்றரியைப் பொருத்தித் தந்தான். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த என் கணவருக்குச் சோறு கொடுத்துவிட்டுப் பாண்டிருப்புக்குப் போனேன்.

பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். துசாந்தினி நிலத்தில் அமர்ந்து மஞ்சள் மட்டையில் கிரீடங்கள் வெட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்த பிள்ளை, இருபத்தொரு வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள். சுஜித்தா ஸ்பீக்கரை என் கையிலிருந்து வாங்கிப் பாட்டொன்றைப் போட்டாள். வயரில்லாமல் நன்றாகப் பாடியது. கால் மணித்தியாலம் பாட விட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை. அவள் முகம் மலர்ந்தது.

“பாத்தியா துசாந்தினி? நீ உடைச்சதுக்கு நஸீறா எத்தின கடை ஏறி இறங்கியிரிக்கா. அவக்கு நன்றி சொல்லு.”

“நன்றி அக்கா,” என்றாள் அந்தப் பிள்ளை. கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. “என்னால உங்களுக்குக் கரைச்சல்.”

பேசாமல் திரும்பியிருக்கலாம். நான் தேடி அலைந்தது இந்த நிமிடத்துக்காகத்தான். ஆனால் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

“அது என்ட வீட்டிலதான் பழுதானது, சுஜித்தா,” என்றேன். “நோம்பு முழுக்க அடுப்படியில சார்ஜில கிடந்த. இந்தப் பிள்ளை ஒண்டும் செய்யல்ல.”

சுஜித்தா பாட்டை நிறுத்தினாள்.

“திருப்பித் தரக்குள்ள உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் போன்ல இவளப் பத்திச் சொல்லக்குள்ளயும்?”

“ஓம்.”

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் மெல்ல இருந்தாள். பிறகு துசாந்தினியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்மேல் இல்லாமல் போன நம்பிக்கை இருந்தது.

“மறுகா ஏன் நீ விழுத்தினன் எண்டு சொன்ன?”

“மூண்டு நாளாக் கேட்டீங்க மிஸ். விழுத்தல்ல எண்டு சொல்லச் சொல்லக் கேட்டீங்க. விழுத்தின எண்டு சொன்ன உடன விட்டிட்டீங்க.” அவள் குரலில் கோபமில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். “இப்ப கிட்டடியில எனக்கே சந்தேகம். விழுத்தித்தான் மறந்திட்டனோ எண்டு.”

சுஜித்தா முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். என்ன சொன்னாலும் அது என்னை நான் ஆற்றிக்கொள்வதாகத்தான் இருக்கும் என்று பட்டது. மன்னித்துக்கொள் என்று மட்டும் துசாந்தினியிடம் சொன்னேன். அவள் குனிந்து, வெட்டிய கிரீடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். சுஜித்தா எழும்பி உள்ளே போனாள், திரும்பி வரவில்லை. நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கேற்றடிக்கு வந்தேன்.

துசாந்தினி பின்னால் வந்தாள்.

“அக்கா, நாளைக்குக் கலைவிழாவுக்கு வருவீங்களா?”

நான் வரக் கூடாது என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டேன்.

“அம்மா வருவா. மிஸ்ஸிட்ட வந்து எனக்காக மன்னிப்புக் கேட்டவ அவ. ஊட்டுல ஒரு கிழமையா என்னோட கதைக்கிறல்ல, பொய்க்காரி எண்டு.” கேற்றைத் திறந்து விட்டாள். “நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொல்லணும்.”

அம்மாவின் பெயரைக் கேட்டேன். மீனாம்பிகை என்றாள். எனக்கு அவரை முன்பின் தெரியாது. ஆனாலும் அக்கரைப்பற்றில் வந்த அந்த லேசு இங்கே வராது என்று விளங்கியது. எல்லாத் தாய்மாரும் வந்திருப்பார்கள், சுஜித்தாவும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“எத்தின மணிக்கு வருவா?” என்று கேட்டேன்.

“ஒன்பது மணிக்குத் தொடங்கும். அதுக்கு முதலே வந்திருவா.”

எட்டரைக்கு வருகிறேன் என்றேன்.