ஒரு வீட்டுக்கு ஒரு ஓனர்

கடையில் அவனுக்கு ரிமோட் என்று பட்டப்பெயர். விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை, ஏசி, அடுப்பு, வாசல் பூட்டு என்று ஒரு வீட்டில் உள்ள அத்தனையையும் போனுக்குள் அடக்கிக் கொடுப்பது அவன் தொழில். விற்பவனும் அவனே, பொருத்துகிறவனும் அவனே. வாய் ஓயாது. யாரும் கேட்காமலேயே "இது எத்தனையாவது வீடு தெரியுமா சார்?" என்று ஆரம்பித்து, எண்ணிக்கையைச் சொன்ன பிறகுதான் பெட்டியைப் பிரிப்பான்.

டிவிக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, "இதுதான் வீட்டோட மூளை" என்பான். "ஒரு வீட்டுக்கு ஒரு ஓனர்தான். குடும்பத் தலைவர் போனைக் குடுங்க சார்." கணவர் போனை நீட்டுவார். சேர்த்து முடித்ததும் மனைவி பக்கம் திரும்பி, "மேடம், உங்களை விருந்தாளியா சேர்த்துட்டேன். இனிமே இந்த வீட்டுல உங்களுக்கு ராஜ உபசாரம்தான்!" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். மனைவியும் சிரிப்பார், சில வீடுகளில் கொஞ்சம் தாமதமாக.

உண்மையில் அந்தப் பெட்டி ஆணா பெண்ணா என்று கேட்பதே இல்லை. எந்தப் போன் முதலில் வருகிறதோ அதுதான் ஓனர். குடும்பத் தலைவரைக் கேட்டது பெட்டி அல்ல, இவன் வாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் வீட்டில் அப்படி வந்தது, பிறகு அதுவே பாடமாகிவிட்டது.

விற்பனைப் பேச்சில் இன்னும் சில உருப்படிகள் உண்டு. "ஓனரைத் தவிர யாரும் எதையும் மாத்த முடியாது, கடைக்காரங்க நாங்களே நினைச்சாலும் முடியாது." இதற்குக் கணவர்கள் தலையாட்டுவார்கள். "குழந்தைப் பூட்டுன்னு ஒண்ணு இருக்கு, போட்டுட்டா உள்ளேருந்து கதவைத் திறக்க முடியாது, பொடிசுங்க ரோட்டுக்கு ஓடாது." இதற்கு இரண்டு பேருமே தலையாட்டுவார்கள். "புகை மணி அடிச்சா மட்டும் பூட்டு தானாத் திறந்துடும், ஓனர் தலைகீழா நின்னாலும் நிறுத்த முடியாது, அது விதி." இது வரும்போது எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்பா அம்மா போன பிறகு இவன் வளர்த்த ஒரே தங்கச்சி. அவள் கல்யாணத்துக்கு இவன் கொடுத்த பரிசும் இதுதான். கடையில் இருந்ததிலேயே உசத்தியான செட். மாப்பிள்ளையின் போனை வாங்கி ஓனராக்கினான், தங்கச்சியை விருந்தாளியாக்கினான், அதே ஜோக்கைச் சொன்னான். அன்று அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். "அண்ணா, சமையலறை லைட் சரியில்ல. வந்து பாரேன்."

தங்கச்சி எதையும் கேட்கிற பழக்கமில்லாதவள். இவனுக்குத் தலை கால் புரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

மணியை அழுத்தியதும் அதற்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "வாங்க மச்சான்! ஆபீஸ்ல இருக்கேன். இருங்க, திறந்து விடுறேன்." பூட்டு 'டக்' என்று திறந்தது. கதவுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். வெளியே கொளுத்துகிற வெயிலில் அவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"நீயே திறந்திருக்கலாமே?"

"அவரே திறக்கட்டும்" என்றாள். வீடு ஐஸ்பெட்டியாக இருந்தது. ஏசியைக் குறைக்கச் சொன்னான். அவள் முடியாது என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

சமையலறை விளக்கில் ஒரு கோளாறும் இல்லை. அவன் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் குழாயைத் திறந்து விட்டாள், புகைபோக்கி விசிறியையும் போட்டாள். இரண்டும் சேர்ந்து போட்ட இரைச்சலில் அவன் காதருகே வந்தாள்.

"ஹால்ல இருக்குற ஸ்பீக்கர் வழியா அவருக்கு எல்லாம் கேக்கும். கதவு எப்போ திறந்தது, நான் எந்த ரூம்ல எவ்வளவு நேரம் இருந்தேன், எல்லாமே சாயந்திரம் வந்து கேப்பாரு. பதில் பிடிக்கலைன்னா மறுநாள் முழுக்கக் குளிரு. இல்லைன்னா விளக்கே எரியாது. அடிக்கலண்ணா. அடிச்சா யார்கிட்டயாவது காட்டலாம்."

அவசரமாகத் தன் போனை எடுத்தான், எதையாவது மாற்ற முடிகிறதா என்று விரலை ஓட்டினான். ஓனரின் அனுமதி தேவை என்று வந்தது. வாய் கிழியச் சொல்லி விற்றது சும்மா இல்லை, கடைக்காரன் நினைத்தாலும் முடியவில்லை.

"பெட்டிக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும்னு சொன்னியே" என்றாள். "அந்த ஓட்டைக்குள்ள பின்னை விட்டுக் குத்தினா எல்லாம் அழிஞ்சிடும், அதுக்கப்புறம் யார் போன் முதல்ல வருதோ அவங்கதான் ஓனர்னு. குத்து அண்ணா. என் போனைச் சேரு."

குத்துகிற பின் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. ஹாலுக்கு நாலு எட்டு. அவன் எழுந்திருக்கவில்லை.

"குத்தின உடனே மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிடும். வீணா சண்டை வரும். நான் அவர்கிட்ட ஆம்பளைக்கு ஆம்பளை பேசுறேன். நல்ல மனுஷன்தான், எடுத்துச் சொன்னா கேப்பாரு."

அவள் குழாயை மூடினாள், விசிறியையும் நிறுத்தினாள். "லைட் சரியாயிடுச்சுண்ணா, ரொம்ப தேங்க்ஸ்" என்றாள், ஹாலுக்குக் கேட்கும்படி.

மறுநாள் மாப்பிள்ளையின் ஆபீஸுக்கே போனான். இன்னொருவன் என்றால் சட்டையைப் பிடித்திருப்பான். இவன் மாப்பிள்ளை மரியாதை கெடாமல், பல்லைக் காட்டிக்கொண்டு, சுற்றி வளைத்துச் சொன்னான். மாப்பிள்ளை காப்பி வாங்கிக் கொடுத்தார். "அக்கறைதான் மச்சான். தனியா இருக்காளேன்னு ஒரு பயம். இவ்வளவு சங்கடப்படுறான்னு தெரியாம போச்சே! இன்னைக்கே எல்லாத்தையும் மாத்திடுறேன்" என்று இவன் தோளில் தட்டினார்.

அந்தத் தட்டில் இவன் குளிர்ந்து போனான். குளிர்ந்தவன் சும்மா இருந்தானா? தன் நல்ல எண்ணத்தை நிரூபிக்க வேண்டாமா? "அவ சின்னப் பொண்ணு மாப்பிள்ளை. பெட்டிக்குப் பின்னால பின்னைக் குத்துன்னு சொன்னா, நான்தான் கூடாதுன்னு அதட்டிட்டு வந்தேன்" என்று உளறிக் கொட்டிவிட்டு வந்தான்.

"அப்படியா சொன்னா?" என்றார் மாப்பிள்ளை. சிரித்த முகம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு தங்கச்சி போனை எடுக்கவில்லை. முதலில் மணி அடித்தது, பிறகு அதுவும் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டால் "அவ போன் ரிப்பேருக்குக் குடுத்திருக்கு மச்சான்" என்றார். அடுத்த தடவையும் அதே ரிப்பேர்தான். ஒரு நாள் இவன் ஒரு புது வீட்டில் ஏணி மேல் நின்று திரைச்சீலைக்கு மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தான். கீழே அந்த வீட்டு அம்மாள், "இந்தக் குழந்தைப் பூட்டு எங்களுக்கு எதுக்குங்க? வீட்டுல குழந்தையே இல்லையே" என்றாள். குழந்தையில்லாத தங்கச்சி அன்று கைக்கெட்டும் கதவைத் திறக்காமல் நின்றது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஏணியிலிருந்து இறங்கினான், பையைக்கூட எடுக்கவில்லை.

தங்கச்சி வீட்டு மணியை அழுத்தினான்.

"என்ன மச்சான், சொல்லாம கொள்ளாம?" என்றது மணி.

"தங்கச்சியைப் பார்க்கணும் மாப்பிள்ளை. கதவைத் திறங்க."

"அவளுக்கு உடம்பு சரியில்ல, படுத்திருக்கா. இன்னொரு நாள் வாங்களேன்."

அப்போது கதவின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, முழங்கால் உயரத்தில். படுத்திருக்கிறவள் தரையில் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவனும் சட்டென்று தரையில் உட்கார்ந்து கதவில் வாயை வைத்தான்.

"பெட்டி எங்கே இருக்கு?"

"பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு" என்றாள். குரல் கம்மியிருந்தது. "நான் குத்தச் சொன்னதை அவர்கிட்டயே போய்ச் சொல்லிட்டியேண்ணா."

அழுவதற்கு அது நேரமில்லை. இத்தனை காலம் யாரும் காது கொடுக்காத அந்தக் கடைசி உருப்படி நினைவுக்கு வந்தது.

"அடுப்பைப் பத்த வை! எண்ணெய் ஊத்திக் காய விடு! புகை வந்தா மணி அடிக்கும், மணி அடிச்சா கதவு திறந்துடும்!" என்று கத்தினான். ஓனர் கேட்டால் கேட்கட்டும்.

"மச்சான், இது நல்லா இல்ல" என்றது மணி.

உள்ளே ஓடும் காலடி, பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், இவனே பல குரல்களைக் கேட்டுப் பார்த்துப் பொறுக்கிய பணிவான குரல்: "அடுப்பு அணைக்கப்பட்டது." இன்னொரு முறை பற்ற வைத்தாள். "அடுப்பு அணைக்கப்பட்டது."

மாடிப்படியில் யாரோ எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"தீப்பெட்டி இருக்கா?" என்று இவன் கத்தினான். "கரண்ட் போனா மெழுகுவத்தி கொளுத்துவியே, அந்தத் தீப்பெட்டி! பேப்பர், துணி, எதையாவது கொளுத்தி ஹால்ல இருக்குற புகை மணிக்கு நேரா பிடி!"

மாப்பிள்ளையின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. அவர் மனைவியின் பெயரைச் சொல்லி அதட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு மறுபடியும் அதட்டினார். இந்த வீட்டில் அவர் போனுக்கு அடங்காத பொருள் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது, அதை இவன் எந்தக் காலத்திலும் விற்றதில்லை.

கட்டடமே அதிரும்படி புகை மணி அலறியது. பூட்டு 'டக்' என்றது.

கருகிய துண்டு ஒன்றைத் தரையில் போட்டு மிதித்துவிட்டு அவள் வெளியே வந்தாள். காலில் செருப்பில்லை. அதே ஸ்வெட்டர். ஒரு சுற்று இளைத்திருந்தாள். அவள் வாசலைத் தாண்டியதும் அந்தப் பணிவான குரல், "போய் வாருங்கள். வீடு உங்களுக்காகக் காத்திருக்கும்" என்றது. அதையும் பதிவு செய்து வைத்தவன் இவன்தான்.

கடை வேனில் அவளை முன்னால் உட்கார வைத்தான். வெயிலில் நின்ற வேன் அனலாகக் கொதித்தது. ஏசியைப் போடப் போனவன் கையை இழுத்துக்கொண்டான். அவள் கண்ணாடியை இறக்கி, வெந்த காற்றில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு வந்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல அவன் இரண்டு தடவை வாயெடுத்து, இரண்டு தடவையும் கியரை மாற்றினான். அவள் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

பெரிய சாலைக்கு வந்ததும் இருபுறமும் அடுக்குமாடிகள் வரிசையாக வந்தன. பாதிக்கு மேல் இவன் ஏறி இறங்கியவை. முன்பெல்லாம் அவளை வேனில் கூட்டிப்போனால் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொண்டே வருவான். மூடியிருந்த ஜன்னல்களை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணா, இதுவரைக்கும் எத்தனை வீட்டுக்குப் போட்டிருக்க?"

கேட்காதவர்களிடமெல்லாம் அந்த எண்ணிக்கையைச் சொன்னவன், கேட்டவளிடம் சொல்ல முடியாமல் வேனை ஓட்டினான்.