கில்மோரன் கோயில் தாகேதாவில் இருந்த காலம்

1989 மழைக்காலத் தொடக்கத்தில் அயர்லாந்து தேசத்துக் கில்மோரன் கிராமத்தின் மாதா கோயில் பர்மாவின் தாகேதாவுக்கு வந்து, ஓடையோரத்துக் காலி மனையில் நின்றது. கில்மோரனில் மொத்தம் மூன்று கோயில்கள். கத்தோலிக்கர்களுக்கு ஒன்று, புராட்டஸ்டன்டுகாரர்களுக்கு ஒன்று. இரண்டிலும் கூட்டம் கிடையாது. மூன்றாவதுதான் மூத்தது. முந்நூறு வருஷத்துக்கு முன் சிப்பாய்கள் அதன் கூரையைக் கொளுத்தினார்கள். அது யாருக்குச் சொந்தம் என்று இரு தரப்பும் அன்றுமுதல் அடித்துக்கொண்டதில் கோயிலுக்கே வெறுத்துப்போய்விட்டது. கிளம்பி வந்துவிட்டது. வார்டு ஆபீசிலிருந்து மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வராததால் அங்கேயே இருக்கலாம் என்று ஆயிற்று.

சுவர்களுக்குள் கில்மோரன் வானிலைதான். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே குளிரும் சாரலும். நடுவில் ஒரு கல்லறை இருந்தது. தாகேதாவின் தமிழ் முஸ்லிம்கள் பார்த்த மாத்திரத்தில் அதை யாரோ இறைநேசரான அவுலியாவின் அடக்கஸ்தலம் என்று முடிவுகட்டி, பச்சைப் போர்வை போர்த்தி, ஊதுபத்தி ஏற்றி, வருஷா வருஷம் கந்தூரி கொடுத்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு இதில் உடன்பாடில்லை. ஆனாலும் வெயில் காலத்தில் அவரும் உள்ளே போய்த்தான் உட்கார்ந்தார்.

டீக்கடை லத்தீபா மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். நான்காவது தங்கியதும், இதாவது உயிரோடு பிறக்கவேண்டும் என்று அந்தக் கல்லறையே கதியாகக் கிடந்தாள். பாவம், வேறு எங்கே போவாள். அவளுக்கு எட்டாம் மாதம் நடந்தபோதுதான், 2001இல், கில்மோரனிலிருந்து ஃபாதர் டோனல் வந்து சேர்ந்தார். கோயில் போனபிறகு இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள், அதைத் திருப்பி அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுமாம். உள்ளே இருப்பவர் அவுலியா இல்லை, ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சண்டை பிடித்த ஒரு பாதிரியார் என்றும் சொன்னார். இங்கிலீஷ் தெரிந்த அமீர் அலி இதைத் தயங்கித் தயங்கித் தமிழில் சொல்லி முடித்தார். லத்தீபா போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டபடி, பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி ஃபாதரையும் சயா என்று கூப்பிட்டாள்.

"சண்டக்காரரா இருந்தா நல்லதுதான் சயா. அல்லாகிட்ட எனக்காக மல்லுக்கட்டுவாரு. பிள்ள பொறக்கட்டும், அப்பறம் கூட்டிட்டுப் போங்க."

ஃபாதர் தங்கினார். காலையில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா சாப்பிடப் பழகிக்கொண்டார். அடுத்த மாதம் பெண் பிள்ளை பிறந்தது, உயிரோடு. அது அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. லத்தீபா அதைவிடச் சத்தமாக அழுதாள். பரீதா என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் ஃபாதர் கூப்பிட்டார். கோயில் எழுந்து, தன் சாரலையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போயிற்று. கல்லறை மட்டும் அசையவில்லை. அவர் இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

கில்மோரனில் கல்லறை எங்கே என்று கேட்டார்கள். உள்ளே இருக்கும் பாதிரியாருக்கு அங்கே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற வேலை இருக்கிறது என்றார் ஃபாதர். கில்மோரனின் மூன்று கோயில்களிலும், கூரையில்லாததில் குடை பிடித்துக்கொண்டு, ஞாயிறுதோறும் பரீதாவுக்காக ஜெபிக்கிறார்கள். பெயர்தான் அவர்கள் வாயில் நுழைவதில்லை.