எட்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓடும் பஸ்

தாழைப்பாளையத்தில் ஒரே படத்தைப் பார்த்த இரண்டு பேர் வெவ்வேறு மார்க் போட்டால், மார்க்குக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் அவர்கள் இருப்பிடங்களுக்கு நடுவே தூரம் கூடிவிடும். அரை மார்க் என்றால் ஐந்நூறு மீட்டர். மார்க்கை வாய்விட்டு யாரிடமாவது சொன்னால் போதும், பூமி தானாக நீண்டுகொள்ளும்.

குமரேசனும் அவர் அண்ணன் கந்தப்பனும் ஒரே சுவரைப் பங்கு போட்டு வாழ்ந்தவர்கள். ஒரு தீபாவளிப் படத்துக்கு அண்ணன் ஏழு போட்டார், தம்பி இரண்டு போட்டார். இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஓடையும், இரண்டு தென்னந்தோப்பும், ஒரு பெட்ரோல் பங்க்கும் இருக்கின்றன. அண்ணன் வீட்டுக் கோழி வழக்கம்போல் தம்பி வீட்டுக் குப்பையைக் கிளறிவிட்டுத் திரும்ப ஒரு பகல் முழுக்க ஆகிறது. நடுவில் வந்த நிலத்தைக் கிராம நிர்வாக அலுவலர் 'கருத்து வேறுபாட்டுப் புறம்போக்கு' என்று பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார்.

இதைக் கண்ணால் பார்த்த ஊர் என்ன செய்யும்? எல்லாப் படத்துக்கும் ஆறு போட்டது. சலூனில், பேக்கரியில், ரேஷன் கடை வரிசையில் யார் "படம் எப்படிங்க?" என்று கேட்டாலும் "ஒரு தடவ பாக்கலாமுங்க" என்பார்கள். அதற்கு மார்க் ஆறு என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டு பரவாயில்லை, ரெண்டாவது பாதி இழுவை, வில்லன் தேவலை என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். கூட்டிக் கழித்தால் ஆறு வர வேண்டும், அவ்வளவுதான். ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது அடுத்தவர் இலையை எட்டிப் பார்ப்பதைப் போல.

வாய் தவறிச் சொல்லிவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தியேட்டர் டிக்கெட் கவுண்டரில் போய், சொன்ன மார்க்கை ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். நாற்பத்தெட்டாம் நாள் சர்வேயர் வந்து கல் நட்டுவிடுவார். கல் நட்ட தூரம் நட்டதுதான்.

தெய்வசிகாமணி மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். கைவிரல் பத்திலும் வார்னிஷ் வாசனை. அவர் மனைவி சம்பூரணம். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் இருவரும் சேர்ந்து அறுபத்து நான்கு படம் பார்த்திருந்தார்கள். அறுபத்து நான்குக்கும் ஆறு. அவர்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. ஹாலிலிருந்து சமையலறைக்கு ஏழு தப்படி. தெய்வசிகாமணி கடையடைத்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது சமையலறையிலிருந்து சம்பூரணம் கேட்பாள்.

"வந்துட்டீங்களா? காப்பி வெக்கட்டுமா?"

வந்து எதிரே நிற்கிற ஆளிடம் வந்துவிட்டாயா என்று கேட்பதில் என்ன இருக்கிறது? தெய்வசிகாமணி "ம்" என்பார். இருபத்திரண்டு வருடமாக அதற்கு மேல் ஓர் எழுத்துச் சொன்னதில்லை மனுசன்.

அறுபத்தைந்தாவது படத்தின் போஸ்டரில் ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. ஒரு கிடங்குக் காவலாளியின் கதை. கடைசியில் அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான், முகம் கழுவுகிறான், நாற்காலியில் உட்காருகிறான். நான்கு நிமிடம் உட்கார்ந்தே இருக்கிறான். யாரும் அவனை ஒன்றும் கேட்பதில்லை. அத்தோடு படம் முடிகிறது. தியேட்டரில் பாதிப் பேர் அதற்குள் எழுந்து வண்டி எடுக்கப் போய்விட்டார்கள். தெய்வசிகாமணி இருட்டில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பூரணம் அதைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, என்ன ஆயிற்றோ, அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"எட்டு குடுக்கலாம் அம்மிணி."

சம்பூரணம் சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் ஆறு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு கிலோமீட்டரோடு போயிருக்கும். எட்டு என்று சொல்லியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. அவள் "எனக்கு ஒண்ணுங்க" என்றாள்.

சமையலறை கிழக்கே போனது. சத்தம் எதுவும் இல்லை. வாசற்படியில் நின்ற சம்பூரணமும், கிரைண்டரும், சாமி அலமாரியும், கேஸ் சிலிண்டரும் சிறிதாகிக்கொண்டே போய், நடுவில் ஒரு காலிஃபிளவர் காடு வந்ததும் மறைந்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய் மட்டும் அறுபடாமல் நீண்டது. தெய்வசிகாமணி காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள் 'ஹால் – சமையலறை' என்று போர்டு மாட்டி ஒரு டவுன் பஸ் விட்டார்கள். மகளிருக்குக் கட்டணம் இல்லை. தெய்வசிகாமணி தினமும் மத்தியானம் சாப்பிட அதில் போனார். அங்கேயே தங்கிவிடலாம் என்று ஒருநாள் கிரைண்டர் ஓரமாகப் பாய் விரித்துப் பார்த்தார். விடிந்து கண் விழித்தபோது ஹாலில்தான் கிடந்தார். எட்டு போட்டவர் எட்டின் பக்கம்தான் விழிக்க முடியும்.

பஸ்ஸை விட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றுவார். சம்பூரணம் தட்டை வைப்பாள். சோறு போடுவாள், ரசம் ஊற்றுவாள், அப்பளம் வைப்பாள். எல்லாம் கேட்காமலேயே நடந்தது. வந்துட்டீங்களா என்பதும் இல்லை, காப்பி என்பதும் இல்லை. காப்பி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

கோபம்போல என்று முதல் வாரம் நினைத்தார். ஆனால் கோபக்காரி அப்பளத்தை இவருக்குப் பிடித்த மாதிரி ஓரம் கருகாமல் பொரிப்பாளா? இரண்டாவது வாரம் ஒன்றும் நினைக்க முடியவில்லை. குழாய் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டார். அந்தக் காவலாளி உட்கார்ந்திருந்த நாற்காலி அடிக்கடி ஞாபகம் வந்தது. அதை யாரிடம் சொல்ல? "ஏன் அம்மிணி ஒண்ணு போட்ட?" என்று கேட்க இரண்டு முறை வாயெடுத்தார். இலையை எட்டிப் பார்க்கிற வேலை என்று ரசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

நாற்பத்தேழாம் நாள் காலை தியேட்டருக்குப் போனார்.

"மார்க்க மாத்தோணுமுங்க. எட்ட எடுத்துட்டு ஒண்ணு போட்டுக்குங்க."

கவுண்டரில் இருந்த பெண் பேரேட்டைத் திருப்பி எழுதிக்கொண்டாள். ஒருவர் போட்ட மார்க்கை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது என்பது தியேட்டர் விதி. அதனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் சம்பூரணம் வந்து ஒன்றை எட்டாக்கிவிட்டுப் போயிருந்ததை அவள் சொல்லவில்லை.

தெய்வசிகாமணி வேகமாக வீட்டுக்கு வந்தார். சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சோளக்காடு அசைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மயிலாத்தாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப மேற்க போயிருச்சுங்க. அதே ஏழு கிலோமீட்டருதான்" என்றாள். "நடுவுல அரை மணி நேரம் வூடு ஒண்ணாத்தானுங்க இருந்துச்சு. நாங்கூட எட்டிப் பார்த்தேன். பூட்டியிருந்துச்சு."

அந்த அரை மணி நேரம் அவர் கவுண்டர் வரிசையில் நின்றிருந்தார். சம்பூரணம் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு நாள் ஏங்கிய வீடு முழுசாக வந்து, ஆளில்லாமல் இருந்துவிட்டுப் போய்விட்டது. தெய்வசிகாமணி ஹாலில் உட்கார்ந்து அழுதார். துண்டைத் தேடவில்லை.

மறுநாள் நாற்பத்தெட்டு. மேற்கே போகிற பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட்டில் சர்வேயர் திருமூர்த்தி உட்கார்ந்திருந்தார். காலடியில் அளவுச் சங்கிலியும், சாக்கில் கட்டிய பதினான்கு கற்களும் இருந்தன. சர்வேயர்கள் சினிமா பார்க்கக் கூடாது என்பது துறை உத்தரவு. அவர் நாற்பது வருடமாக எந்தப் படமும் பார்க்காதவர். ஜன்னல் வழியாகச் சோளத்தைப் பார்த்து, "நல்லா வெளஞ்சிருக்குதுங்க" என்றார்.

சமையலறையில் சம்பூரணம் இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள். திருமூர்த்தி அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, "சாப்பிட்டுட்டுக் கல்ல நட்டுறலாமுங்க" என்றார்.

தெய்வசிகாமணி சோற்றில் கை வைக்கவில்லை. இனிப் போவதற்கு என்ன மரியாதை மிச்சமிருக்கிறது?

"ஏன் அம்மிணி ஒண்ணு போட்ட?"

ஊரில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி. சம்பூரணம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க அழுததப் பாத்தேனுங்க. அந்த மனுசன் வூட்டுக்கு வாரான். யாரும் நொய்யி நொய்யின்னு ஒண்ணுங் கேக்கல. நிம்மதியா உக்காந்து, கடைசில லேசா சிரிக்கறான். அதப் பாத்துத்தான நீங்க ஏங்கி அழுதீங்க? இருவத்திரெண்டு வருசமா நான் தினமும் கேட்டுத் தொந்தரவு பண்ணிருக்கறேன். நீங்க ம், ம்முன்னு பொறுத்துட்டு இருந்திருக்கறீங்க. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. ஒண்ணு போட்டேன். பொறவு யோசிச்சேன், சரி, இனி கேக்காம இருந்துக்கலாமுன்னு."

குழாய் சொட்டியது. தெய்வசிகாமணி எழுந்து அதை இறுக்கி மூடிவிட்டு வந்தார்.

"அவன் சிரிக்கலயே அம்மிணி."

"சிரிச்சானுங்க. நான் பாத்தனே."

"அழுகைய அடக்குனான். வாய் கோணுச்சு. வூட்ல கேக்கறதுக்கு ஆளே இல்ல அவனுக்கு. வந்துட்டயான்னு ஒரு வார்த்த கேக்க நாதியில்லாம நாலு நிமிசம் உக்காந்திருந்தான். நீ ஒருநாள் கேக்காமப் போயிட்டா நான் அப்படித்தான் உக்காந்திருப்பேன்னு தோணுச்சு. அதுக்குத்தான் அழுதேன், எட்டும் போட்டேன். இந்த நாப்பத்தெட்டு நாளும் அப்படித்தான் உக்காந்திருந்தேன்."

சம்பூரணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திருமூர்த்தி நோட்டில் இரண்டு பத்திகள் எழுதி, ஒன்றுக்குப் பக்கத்தில் 'சிரித்தான்' என்றும், இன்னொன்றுக்குப் பக்கத்தில் 'சிரிக்கவில்லை' என்றும் குறித்தார். ஒப்பிட்டுப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பாத்தது ஒரே படமில்லீங்க. வேற வேற படத்துக்குப் போட்ட மார்க்குக்கு நாங்க தூரம் அளக்கறதில்ல. கல்லு நட வழியில்லீங்க" என்றார். பிறகு ரசம் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் கை கழுவுவதற்குள் சோளக்காடு மடிந்துகொண்டது. வாசற்படிக்கு வெளியே ஹால் வந்து நின்றது. திரும்பிப் போய்க்கொண்டிருந்த பஸ் பாதி வழியில் இருந்ததால், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே அதுவும் நின்றது. உள்ளே டிரைவர், கண்டக்டர் போகப் பதினோரு பேர் இருந்தார்கள். முன் சீட்டில் இருந்த பெண்மணி ஜன்னல் வழியாக, "அந்த நாற்காலிப் படம் பாத்துட்டீங்களா? எப்படிங்க?" என்று விசாரித்தாள்.

"எதுங்க? இவிய பாத்ததா, நான் பாத்ததா?" என்றாள் சம்பூரணம்.

தெய்வசிகாமணி பஸ்ஸில் முன்பக்கம் ஏறிப் பின்பக்கம் இறங்கி, ஹால் அலமாரியிலிருந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு அதே வழியாகத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார். சம்பூரணம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? காப்பி வெக்கட்டுமா?"

"வந்துட்டேன் அம்மிணி" என்றார் அவர். "வெய்யி. பதினாறு டம்ளர் இருக்குது."

அந்த வழித்தடத்தை ரத்து செய்ய மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை. அதனால் பஸ் இப்போதும் ஹாலிலிருந்து சமையலறைக்குத் தினம் ஆறு நடை ஓடுகிறது. ஏழு தப்படி தூரம். நடுவில் ஒரு நிறுத்தம் உண்டு. சம்பூரணத்துக்குக் கட்டணம் இல்லை. தெய்வசிகாமணி மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு, உட்கார இடம் இருந்தால் உட்கார்ந்து, காப்பி குடிக்கப் போகிறார்.