வெளியே போடும் நீல நாற்காலி

“போயிட்டு வாங்க. வந்து ‘அப்படி ஒரு இடமே இல்ல’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது எங்க அண்ணன் சொன்ன பொய். அதை உங்க வாயிலயும் கேட்டா பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்.”

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி இதைக் கத்திச் சொல்லவில்லை. மகளின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். அதனால்தான் அவனுக்குப் பயம் வந்தது.

அவள் அண்ணனும் அவனும் ஒரே மேசையில் குடித்தவர்கள். போன வருடம் மச்சான் ஒருநாள் குளித்து, சட்டை மாற்றி, குடியை விட்டவர்கள் கூடும் இடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினார். தள்ளாடிக்கொண்டு திரும்பி வந்தார். “போனேம்மா. அப்படி ஒரு இடமே இல்ல” என்றார். வீடே சிரித்தது. அதற்குமேல் அவர் எங்கும் போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஈரல் கெட்டு இறந்துபோனார்.

விபத்தில் அடிபட்ட இடது காலை மச்சான் இழுத்து இழுத்துத்தான் நடப்பார். ரப்பர் செருப்பு சரக், சரக் என்று தரையில் தேயும். அந்தச் சத்தம் மெக்கானிக்குக்கு இன்னும் கேட்கிறது. குடித்தால் கேட்பதில்லை.

அதே இடத்திலிருந்து காலையில் தொலைபேசியில் பேசியவர் விவரமாகத்தான் வழி சொல்லியிருந்தார். “பழைய ஜவுளிக்கடை கட்டடம், ரெண்டாவது மாடி. போர்டு வைக்கிறதில்ல சார், வர்றவங்க கூச்சப்படுவாங்க. கதவுக்கு வெளிய ஒரு நீல நாற்காலி போட்டிருப்போம். அதைப் பாத்தா பேசாம உள்ள வந்துடுங்க.”

சாயங்காலம் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் தளத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது. பிரேக் தேய்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தான். நீண்ட நடைவழி. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். பல் டாக்டர், கணக்காளர், தட்டச்சுப் பள்ளி, பிறகு பெயர் எழுதாத கதவுகள். நாற்காலி எங்கும் இல்லை.

கடைசிவரை போய்த் திரும்பினான். மறுபடியும் போனான். பல் டாக்டரின் உதவியாளர் பெண் எட்டிப் பார்த்தாள்.

“யாரைப் பாக்கணும் அண்ணே?”

“இங்க… ஒரு நீல நாற்காலி…”

“நாற்காலி ரிப்பேரா? அது கீழண்ணே. இங்க பல்லுதான் பிடுங்குவோம்.”

அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். நடைவழியின் கோடியில் ஒரு ஜன்னல். கீழே, தெருவுக்கு அந்தப் பக்கம், மதுக்கடையின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் சரக் என்றது. கொஞ்சம் நின்று, மறுபடியும் சரக்.

“நான்தான் சொன்னேனே மாப்ளே.” மச்சானின் குரல்.

திரும்பினான். யாரும் இல்லை. மச்சான் இதே ஜன்னலில் நின்றிருக்கிறார். இதே விளக்கைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் கீழே இறங்கியிருக்கிறார்.

“வா மாப்ளே. ஒண்ணே ஒண்ணு. நடுக்கம் நிக்கிற அளவுக்கு.”

லிஃப்ட்வரை திரும்பி நடந்துவிட்டான். பொத்தானுக்குக் கை போய்விட்டது. வீட்டில் சொல்ல அவனிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அது மச்சானுடையது. அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது. கையை இழுத்துக்கொண்டான்.

வரிசையாகக் கதவுகளைத் திறக்க ஆரம்பித்தான். முதலில் பல் டாக்டர். வாயைப் பிளந்து கிடந்தவர் முறைத்தார். கணக்காளர், “முன்னாடியே சொல்லிட்டு வந்தீங்களா?” என்றார். தட்டச்சுப் பள்ளி பூட்டியிருந்தது. பெயர் இல்லாத முதல் கதவைத் தள்ளினான்.

வட்டமாக மனிதர்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவரோரம் நீல நாற்காலி. அதில் பருத்த ஒரு பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு.

“நாற்காலி… வெளிய இல்லையே” என்றான்.

“அடடா!” தலை நரைத்த கண்ணாடிக்காரர் எழுந்தார். காலையில் கேட்ட குரல். “இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி தம்பி. நாற்காலி பத்தலன்னா அதையும் உள்ள எடுத்துப்போம்.”

“எப்பவுமே அப்படித்தானா?”

“எப்பவாவதுதான்.” அவர் கொஞ்சம் யோசித்தார். “போன வருஷம் ஒருத்தர் போன் பண்ணார். கால் சரியில்ல, லிஃப்ட் இருக்கான்னு கேட்டார். கண்டிப்பா வர்றேன்னார். அன்னிக்கும் இப்படித்தான் கூட்டம். வரவே இல்ல பாவம்.”

மெக்கானிக் அந்த நீல நாற்காலியையே பார்த்தான்.

டிரைவர் எழுந்தார். “உக்காருங்க தம்பி. நான் நிக்கிறேன். நாள் பூரா உக்காந்து எனக்குப் பின்பக்கமே தேய்ஞ்சுபோச்சு.” இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவன் உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே, லிஃப்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி போட்டான். கதவைத் திறந்தே விட்டுவிட்டு, டிரைவரின் பக்கத்தில் நின்றான். யாரோ பேச ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்குப் போய் இடம் இருக்கிறது என்று சொல்லலாம். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைப்பாள். அந்த முகத்தைப் பார்த்து, உன் அண்ணன் சொன்னது பொய் இல்லை என்றும் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது?

நடைவழியில் சரக் என்றது. வேறு யாரும் திரும்பவில்லை. சத்தம் நெருங்கி வந்து, கதவுக்கு வெளியே நின்றது. யாரோ உட்கார்ந்ததுபோல் நீல நாற்காலியின் பிளாஸ்டிக் கால்கள் லேசாகக் கிரீச்சிட்டன.

“கதவைச் சாத்துங்க தம்பி, காத்து வருது” என்றார் கண்ணாடிக்காரர்.

“கொஞ்சம் திறந்தே இருக்கட்டும் சார்” என்றான் மெக்கானிக்.